எந்தப் புத்தகத்தை வாங்குவது?

கணினி வலையமைப்பும் தகவல் பாதுகாப்பும் படிக்க விரும்பும் இளையோருக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

"அண்ணே, நெட்வொர்க்கிங் படிக்கணும். அப்புறம் சைபர் செக்யூரிட்டிக்குப் போகணும். எந்தப் புக்கு வாங்கலாம்?"

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி என்னிடம் வரும். கேட்பவர்கள் பள்ளியை முடித்த பிள்ளைகள் மட்டுமல்ல. கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வேறு வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள், கல்லூரியில் கணினித் துறை எடுத்த மகளுக்காக விசாரிக்கும் அம்மாக்கள் என்று பலரும் கேட்கிறார்கள். வீடு கிள்ளானில், வேலை கோலாலம்பூரில் என்று பதினைந்து ஆண்டுகளாக நான் இந்தத் துறையில் இருப்பதால் வரும் கேள்வி இது.

சென்ற ஆண்டு கிள்ளானைச் சேர்ந்த ஓர் இளைஞர் பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வந்தார். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மகன் முன்னுக்கு வரட்டும் என்று கொடுத்த பணத்தில், ஒரு மலிவு விற்பனையில் ஆறு தடித்த நூல்களை வாங்கியிருந்தார். எல்லாம் புதியவை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதவை. ஆனால் அவற்றில் மூன்று, 2020ஆம் ஆண்டுக்கு முன்பே தயாரான சிசிஎன்ஏ தேர்வு நூல்கள். அந்தத் தேர்வே இப்போது இல்லை. நான்காவது நூல் கம்பியில்லா வலையமைப்புப் பாதுகாப்பைப் பற்றியது. அது பாதுகாப்பானது என்று பரிந்துரைத்த முறையை இன்று யாரும் பயன்படுத்தக் கூடாது. மீதி இரண்டு மட்டும் நல்ல நூல்கள். அவற்றில் ஒன்று பத்து ஆண்டுக்கு முந்திய பதிப்பு. ஆனாலும் அது அவருக்குப் பயன்பட்டது.

ஒரே விலை, ஒரே தடிமன், ஒரே அலமாரி. ஆனால் பத்து ஆண்டுக்கு முந்திய ஒரு நூல் பயன்படுகிறது, ஐந்து ஆண்டுக்கு முந்திய இன்னொன்று பழைய தாள்காரருக்குத்தான் போக வேண்டும். ஆகவே, "இது நல்ல புத்தகமா?" என்று கேட்பதற்கு முன் "இதில் இருக்கும் செய்திக்கு ஆயுள் எவ்வளவு?" என்று கேளுங்கள். இந்தத் துறை நூல்களை அப்படி மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: அடிப்படை நூல்கள்

இவற்றின் ஆயுள் நீண்டது. காரணம், இணையத்தின் அடித்தளம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. நீங்கள் கைப்பேசியில் வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது, வரும் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரிசை எண் உண்டு. வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்யப்படும். வழியில் தொலைந்தது மறுபடி அனுப்பப்படும். இந்த வேலையைச் செய்யும் டிசிபி என்ற நெறிமுறையின் வரையறை 1981இல் வெளிவந்தது. அதைப் புதுப்பித்து 2022இல் ஒரு வரையறை வந்தது. இடையில் 41 ஆண்டுகள். திருத்தங்கள் பல சேர்ந்தன, அடிப்படை அப்படியே இருக்கிறது. நம் வீட்டு ரௌட்டர் தரும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் 1996இல் வகுத்த விதிப்படியே இன்றும் நடக்கின்றன.

இந்த வகையில் மூன்று நூல்களை நான் சொல்வேன். முதலாவது, ஜேம்ஸ் குரோஸ், கீத் ராஸ் இருவரும் எழுதிய 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்: எ டாப்-டவுன் அப்ரோச்'. பெயருக்கேற்ப இது மேலிருந்து கீழே வருகிறது. நாம் தினமும் பார்க்கும் இணையப் பக்கம், மின்னஞ்சல் ஆகியவற்றில் தொடங்கி, கடைசியில் கம்பிக்கும் அலைக்கும் இறங்கும். பள்ளி முடித்த பிள்ளைக்கு இதுதான் ஏற்றது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகலாம்.

இரண்டாவது, ஆண்ட்ரூ டேனன்பாமின் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்'. முதல் பதிப்பு 1981, ஆறாம் பதிப்பு 2021. இது கீழிருந்து மேலே ஏறும். கம்பி, மின் சமிக்ஞை, அலைவரிசை என்று தொடங்கும். பொலிடெக்னிக்கிலோ தொழிற்கல்லூரியிலோ மின்னியல் படித்தவர்களுக்கு இந்த வரிசை இயல்பாகப் பிடிபடும். மற்றவர்கள் இரண்டாம் அத்தியாயத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள். அதற்கு நூலையும் குறை சொல்ல முடியாது, படித்தவரையும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, லாரி பீட்டர்சன், புரூஸ் டேவி எழுதிய 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்: எ சிஸ்டம்ஸ் அப்ரோச்'. 1996இல் முதலில் அச்சான இந்த நூலை இப்போது ஆசிரியர்களே திறந்த உரிமத்தில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒரு காசும் செலவில்லை. முதலில் இதில் ஒரு மாதம் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மற்ற நூலை வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

அடிப்படை நூல்களில் ஒரு பதிப்பு பழையதை வாங்குவதில் தவறில்லை. குரோஸ்-ராஸ் நூலுக்கு எட்டாம் பதிப்பும் வந்திருக்கிறது. ஏழாம் பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். அதற்கும் முந்தியவற்றில், வலையமைப்பை மென்பொருளால் கட்டுப்படுத்தும் எஸ்டிஎன் முறைக்குத் தனி இடம் இருக்காது. அதை மட்டும் வேறு இடத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை: தேர்வு நூல்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நூலின் அட்டையில் அந்த எண் அச்சாகியிருக்கும். வாங்குமுன் தேர்வை நடத்தும் நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கைப்பேசியில் திறந்து, இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்கு இப்போதுள்ள எண் 200-301. இது 2020 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. 200-125 என்று அட்டையில் இருந்தால் அது அதற்கு முந்திய தேர்வு. 2024இல் 200-301 பாடத்திட்டமே சற்றுத் திருத்தப்பட்டது. வெண்டல் ஓடம் எழுதும் இரண்டு பாக அதிகாரப்பூர்வ வழிகாட்டிக்கு அதையொட்டி இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. காம்ப்டியா நிறுவனத்தின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் 601 என்று முடியும் எண் 2024 ஜூலையோடு நிறுத்தப்பட்டது. 2023 நவம்பரில் அறிமுகமான 701தான் அதன் இடத்துக்கு வந்தது. நெட்வொர்க் பிளஸ் தேர்வில் 008 போய் 009 வந்துவிட்டது. காம்ப்டியா ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்வை மாற்றுகிறது. ஆகவே நூலின் ஆயுளும் அவ்வளவுதான். நீங்கள் இதைப் படிக்கும் நாளிலும் எண் மாறியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். செக்யூரிட்டி பிளஸ் 400 டாலருக்கு மேல். இந்த நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை இல்லை. சிசிஎன்ஏ, செக்யூரிட்டி பிளஸ் இரண்டும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 17 வயதில் எழுதித் தேறி, 21 வயதில் வேலை தேடும்போது சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். முதலில் அடிப்படை நூலைப் படிக்கட்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போது தேர்வு நூலை வாங்கினால் போதும். அதற்கு முன் வாங்குவது, பயணத் தேதி தெரியாமல் டிக்கெட் எடுப்பது போல.

தேர்வுக் கேள்விகளை அப்படியே தருகிறோம் என்று சிலர் விற்பார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். கண்டுபிடித்தால் சான்றிதழையே ரத்து செய்ய நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அதைவிட, நேர்முகத் தேர்வில் ரௌட்டரைக் காட்டி ஒரு கேள்வி கேட்டால் அந்த மனப்பாடம் உதவாது.

மூன்றாம் வகை: பாதுகாப்பு நூல்கள்

தகவல் பாதுகாப்பில் பழைய நூல் பயனற்றதாக மட்டும் இருப்பதில்லை, தவறாகவும் வழிகாட்டும். வைஃபைக்கு முதலில் வந்த வெப் என்ற பாதுகாப்பு முறை 1997ஐச் சேர்ந்தது. 2001லேயே அதன் பலவீனத்தை ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். இன்று டபிள்யூபிஏ3 வரை வந்துவிட்டோம், அது 2018இல் வந்தது. எம்டி5, ஷா-1 என்ற இரண்டும் ஒருகாலத்தில் நம்பகமான கணக்கு முறைகள். முன்னதை 2004இல் உடைத்தார்கள், பின்னதை 2017இல். இணையப் பக்கங்களைக் காக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 வடிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021இல் முறையாக அறிவித்தார்கள். 1.3 வடிவம் 2018இல் வந்தது.

இதை வைத்துக் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நூலின் பின்பக்கம் உள்ள சொல்லடைவைத் திறங்கள். டிஎல்எஸ் 1.3 இருக்கிறதா? டபிள்யூபிஏ3 இருக்கிறதா? அடுத்து, கடவுச்சொல் பற்றிய பகுதிக்குப் போங்கள். 90 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்த நூல் பின்தங்கியது. காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017லேயே வழிகாட்டியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் கடைசியில் 1, 2, 3 என்று எண்ணைத்தான் மாற்றுகிறார்கள்.

குறிப்பிட்ட கருவிகளைச் சொல்லித்தரும் நூல்களை வாங்கவே வேண்டாம் என்பேன். இணையத்தளப் பாதுகாப்பில் பெயர்பெற்ற 'தி வெப் அப்ளிகேஷன் ஹேக்கர்ஸ் ஹேண்ட்புக்' நூலின் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. மூன்றாம் பதிப்பு வரவில்லை. அதன் ஆசிரியர்களில் ஒருவரான டாஃபிட் ஸ்டட்டார்ட் நிறுவிய போர்ட்ஸ்விக்கர், அந்தப் பாடங்களைப் பயிற்சிகளோடு 'வெப் செக்யூரிட்டி அகாடமி' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அச்சு நூலால் ஈடுகொடுக்க முடியாத வேகம் இது.

பாதுகாப்பிலும் நீண்ட ஆயுள் கொண்ட நூல் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சனின் 'செக்யூரிட்டி என்ஜினியரிங்'. முதல் பதிப்பு 2001, மூன்றாம் பதிப்பு 2020. ஏடிஎம் இயந்திரம், கைப்பேசி, முன்பணம் கட்டும் மின்சார மீட்டர் என்று நாம் அன்றாடம் தொடும் பொருள்கள் ஏன் ஏமாற்றப்படுகின்றன என்பதைச் சொல்லும் நூல். மனிதர்கள் ஏமாறும் விதத்தையும் விடாமல் பேசுகிறது. ஆண்டர்சன் 2024இல் காலமானார். தம் நூலின் முந்திய பதிப்புகளை அவர் தம் இணையத்தளத்தில் யாரும் படிக்கும்படி இலவசமாக வைத்திருந்தார்.

படிக்கத் தயங்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு கிளிஃபோர்ட் ஸ்டோலின் 'தி குக்கூஸ் எக்' நூலைக் கொடுங்கள். 1989இல் வந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றின் கணினிக் கணக்கில் 75 காசு இடித்தது. வானியல் படித்த ஸ்டோல் அதைத் துருவிக்கொண்டே போய், ஜெர்மனியிலிருந்து ஊடுருவிய ஒருவரைக் கண்டுபிடித்த உண்மைக் கதை. கருவிகள் எல்லாம் பழையவை. பொறுமையாகக் குறிப்பெடுத்துத் துப்புத் துலக்கும் அந்தப் பழக்கம் இன்றைக்கும் இந்த வேலையின் உயிர்நாடி.

வெளிநாட்டு நூல்கள் சொல்லாதது

நான் மேலே சொன்ன எந்த நூலும் மலேசியச் சட்டத்தைச் சொல்லித்தராது. சட்டம் பற்றிய அத்தியாயம் இருந்தால் அது அமெரிக்கச் சட்டமாகவோ ஐரோப்பியச் சட்டமாகவோ இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இது ஆபத்து. பக்கத்து வீட்டு வைஃபையில் "சும்மா சோதித்துப் பார்த்தேன்" என்பது இங்கே விளையாட்டு இல்லை. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எதையும் திருடாவிட்டாலும் குற்றம்தான்.

இதோடு 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிறருடைய கணினி அமைப்பை ஊடுருவிச் சோதிக்கும் சேவையை வழங்க இப்போது உரிமம் வேண்டும். சட்ட வாசகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலைக்கான நேர்முகத் தேர்வில் இவற்றைப் பற்றி நான்கு வரி பேசத் தெரிந்த பிள்ளை தனித்துத் தெரியும்.

சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் கீழ் இயங்கும் மைசெர்ட், 1997இல் தொடங்கியது. அதன் எச்சரிக்கை அறிக்கைகளை வாரம் ஒன்று படித்தால், நூலில் உள்ள பாடம் நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பது புரியும். 2017இல் 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி நினைவிருக்கும். போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லி வரும் மோசடி அழைப்புகளுக்கு இப்படிக் கசியும் விவரங்கள்தான் தீனி. வீட்டில் யாராவது பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 997 எண்ணை அழையுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, மலாய்மொழியில் இடைநிலைப்பள்ளி, பிறகு 900 பக்க ஆங்கில நூல். இந்தத் தாவலில்தான் பல பிள்ளைகள் இடறுகிறார்கள். அவர்களுக்குத் தமிழகத்தின் 12ஆம் வகுப்பு 'கணினிப் பயன்பாடுகள்' பாடநூலைச் சொல்கிறேன். அதில் கணினி வலையமைப்பு, நெறிமுறைகள், களப்பெயர் முறைமை, வலையமைப்பு வடமிடல், மின்வணிகப் பாதுகாப்பு என்று தனித்தனிப் பாடங்கள் தமிழில் உள்ளன. மாநில அரசு இணையத்தில் இலவசமாகத் தருகிறது. லினக்ஸ் கற்க, கணியம் அமைப்பு எளிய தமிழில் இலவச மின்னூல்களை வெளியிட்டிருக்கிறது. இவை மட்டும் வேலை வாங்கித் தராது. ஆனால் தமிழில் ஒருமுறை புரிந்துகொண்ட பிறகு ஆங்கில நூலைத் திறந்தால் பாதி பாரம் குறையும்.

எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது?

வாங்குமுன் பார்க்க வேண்டும். ஷா ஆலமில் ராஜா துன் உடா நூலகம், கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம். கிள்ளானிலிருந்து கோமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்துவிட்டால் மற்ற இடங்களுக்குப் போவது சிரமமில்லை. கே.எல்.சி.சி.யில் உள்ள கினோகுனியா கடையில் புதிய பதிப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம். பழைய நூல்களுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை. பிக் பேட் வுல்ஃப் போன்ற மலிவு விற்பனைகளில் முதல் வகை நூல்களைத் தேடுங்கள். இரண்டாம், மூன்றாம் வகையை அங்கே எடுக்கும்போது மேலே சொன்ன சோதனைகளைச் செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு நூல்களுக்கு இடையே தயக்கமா? இரண்டிலும் டிசிபி இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்ற பகுதியை மட்டும் எடுத்து, பத்துப் பத்து நிமிடம் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மூடி வைத்துவிட்டு உங்களிடம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் துறை தெரிய வேண்டிய அவசியமில்லை. எந்த நூலைப் படித்த பிறகு தடுமாறாமல் சொல்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் நூல். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகையான 2,500 ரிங்கிட்டுக்குள் புத்தகச் செலவும் அடங்கும்.

ஒரு நூல், ஒரு கணினி, ஆறு மாதம்

எத்தனை நூல் வாங்கினாலும், கை வைத்துப் பார்க்காமல் இந்தத் துறை ஏறாது. சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம். அதில் ரௌட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்துப் பழகலாம். வயர்ஷார்க் என்ற மென்பொருளும் இலவசம். அதை வீட்டுக் கணினியில், உங்கள் சொந்த இணைப்பில் மட்டும், ஓடவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். இரண்டு கணினிகளும் முதலில் மூன்று செய்திகளால் கைகுலுக்குவதும், பிறகு டிஎல்எஸ் தொடங்கித் தகவல் மறைக்கப்படுவதும் வரிவரியாகத் தெரியும். நூலில் ஐந்து பக்கம் படித்தது ஐந்து நிமிடத்தில் கண்ணில் படும். குரோஸ்-ராஸ் நூலின் ஆசிரியர்களே இதற்கான பயிற்சிகளை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார்கள்.

என் யோசனை இதுதான். முதல் ஆறு மாதத்துக்கு ஓர் அடிப்படை நூல் மட்டும். வாரத்தில் மூன்று நாள் படிப்பு, இரண்டு நாள் கணினியில் பயிற்சி. படித்த ஒவ்வொரு பகுதியையும் ஒரு நோட்டில் சொந்த வார்த்தையில் எழுதட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், அப்போது பாதுகாப்பு நூல். வேலை தேடும் காலத்தில் தேர்வு நூல். இந்த வரிசையில் போனால் முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு நூலின் விலையோடு முடிந்துவிடும். இலவச நூலில் தொடங்கினால் அதுவும் மிச்சம். மிச்சப்படும் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள்.